வியர்க்காத குப்பி

நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. கிரேன் டிரைவர் அந்தத் தொகையை ஒரு சீட்டில் எண்ணால் ஒரு தடவையும் எழுத்தால் ஒரு தடவையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் ஒத்துப் பார்த்தால் எங்கேயாவது ஒரு சுழி கூடுதலாக விழுந்திருப்பது தெரிந்துவிடும் என்ற நப்பாசைதான். விழவில்லை.

"என் சம்சாரம் குடுக்க வேண்டிய கடனாம் இது," என்றார். "இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள, நான்தான் எடுத்தேன், சம்பளத்துல கழிச்சுக்கங்கன்னு அவ பத்திரத்துல கையெழுத்துப் போடணும். போடலேன்னா போலீஸ்."

கண்ணாடியக்கா சீட்டை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். அக்காவின் கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் கனம். இருபது வருஷம் காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவர். பொய்யாக எரிந்த கடைகளையும் பொய்யாக நொறுங்கிய வண்டிகளையும் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண் அது. இப்போது டயர் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி, துப்பறியும் வேலை. கூட ஒரே ஆள், மூட்டை. அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. குளிர்பதனக் கிடங்கில் பதினாலு வருஷம் பெட்டி தூக்கியதில் முழங்கால் போனபோது அந்தப் பெயரும் சேர்ந்து போய்விட்டது.

"அவங்க சம்பளம் எவ்வளவு?" என்று அக்கா கேட்டார்.

"மாசம் பதினஞ்சாயிரம்."

"இருபத்தேழரை மாசம்," என்றான் மூட்டை. "அந்த அரை மாசத்தையாவது விட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம்."

கிரேன் டிரைவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னார். பதினோரு மாசத்துக்கு முன்னால் யார்டில் அவர் தூக்கிய இரும்புக் கட்டு ஒன்று கொக்கியிலிருந்து நழுவி விழுந்தது. கீழே ஒரு ஆள் ஒரு முழம் தள்ளி நின்றிருந்தான், பிழைத்தான். அன்றைக்குப் போன தூக்கம் திரும்பவில்லை. மாத்திரை போட்டால் மறுநாள் கை நடுங்கியது. மேஸ்திரி கேபினிலிருந்து இறக்கிக் கீழே கூட்டிப் பெருக்க விட்டுவிட்டார்.

"என் சம்சாரம் இளமை நிலையத்துல நர்ஸு. அங்க ஒரு புது மருந்து இருக்கு, பெப்டைடுன்னு பேரு. வயசும் ஏறாதாம், தூக்கமும் வருமாம். அவ சலுகை விலைக்கு வாங்கியாந்து வயித்துல ஊசியாப் போட்டு விடுறா. இருபத்திரண்டு நாளாச்சு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன். போன வாரம் கேபின்ல மறுபடி ஏத்தியிருக்காங்க. ஒரு மாசம் பாப்பாங்களாம். வாடகை, ரெண்டு புள்ளைங்க படிப்பு, எல்லாம் அந்தக் கேபின்லதான் தொங்குது."

"அங்கதான் அம்பத்தஞ்சு குப்பி காணோம்னு இதுல போட்டிருக்கு," என்றார் அக்கா.

"ஆமாம்மா. மருந்துப் பெட்டிச் சாவி ரெண்டே பேர்கிட்டதான். முதலாளிகிட்ட ஒண்ணு, இவகிட்ட ஒண்ணு. என் பொண்டாட்டி திருடி இல்ல. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு. அந்த மருந்துக்கு எந்தக் குறையும் வந்துடக் கூடாது. அது நின்னா நானும் நின்னுடுவேன்."

இளமை நிலையத்தின் காத்திருப்பு அறையில் நாலு சுவரிலும் கண்ணாடி. உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் பேசாமல், யாரும் பார்க்காத நேரம் பார்த்துத் தங்கள் கழுத்துச் சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இங்க பத்து வயசு குறையுமாம்," என்றான் மூட்டை. "எனக்குக் குறைஞ்சா சம்பளத்தையும் குறைச்சுடாதீங்க."

"குடுத்தாத்தானே குறைக்க."

முதலாளியை எல்லோரும் சார் என்றார்கள். டாக்டர் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வெள்ளைக் கோட்டு, மை போட்ட தலை, ஐம்பதா எழுபதா என்று பிடி கொடுக்காத முகம். நர்ஸம்மாவின் புருஷன் அனுப்பினார் என்றதும் அவர் முறைக்கவில்லை. வாங்க, வந்து கண்ணால பாருங்க என்று உள்ளே கூட்டிப் போனார்.

ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்பெட்டி. கண்ணாடிக் கதவு, பூட்டு, உள்ளே நீல விளக்கு. நெற்றியில் சிவப்பு எழுத்தில் 4 என்று எரிந்தது. சார் பூட்டைத் திறந்து கதவை அகல விரித்து வைத்துவிட்டுச் சுண்டுவிரல் அளவில் இரண்டு குப்பிகளை எடுத்தார். ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்குச் சிவப்பு மூடி. அடியில் உப்புப் படிந்தது போல் கொஞ்சம் வெள்ளைத் தூள். மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து இரண்டையும் வைத்தார். தங்கத்தை வைப்பது போல வைத்தார்.

"நாலே நாலு அமினோ அமிலம். நாலு மணியை நூல்ல கோத்த மாதிரி, மனுஷன் கோத்த புரதம். நீலம் ஒரு தேசத்துலேர்ந்து வருது, சிவப்பு இன்னொரு தேசத்துலேர்ந்து. நாலு டிகிரி குளிர்ல இல்லேன்னா செத்துடும். உடம்புக்குள்ள போனா இது கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்."

"எந்தப் பக்கமா சார்?" என்றான் மூட்டை.

"எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்கய்யா."

"எலி என்ன சொல்லுச்சு?"

சார் அவனை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "ஒரு குப்பி ஏழாயிரத்து ஐந்நூறு. திங்கக்கிழமை சாயங்காலம் எண்ணி வச்சேன். செவ்வாய்க்கிழமை காலையில அம்பத்தஞ்சு இல்ல. அட்வான்ஸ் கட்டின ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அந்தம்மா கையெழுத்துப் போட்டுட்டா அதைக் காட்டி, மூணு வாரம் பொறுங்கன்னு சொல்லிடுவேன்."

"ஏன் மூணு வாரம்?"

"புதுச் சரக்கு வர அவ்வளவு நாளாகும்."

அக்கா குனிந்து இரண்டு குப்பிகளையும், கண்ணாடி தட்டுகிற அளவுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"குப்பி வியர்க்கலக்கா," என்றான் மூட்டை.

"சொல்லு."

"பதினாலு வருஷம் பாத்திருக்கேன். குளிர்லேர்ந்து எதை வெளிய எடுத்தாலும் வியர்க்கும். மீன் பெட்டி வியர்க்கும், ஊசி மருந்து வியர்க்கும், தூக்குற என் முதுகும் வியர்க்கும். அந்தாளு பத்து நிமிஷம் கதை சொன்னாரு. தாள்ல ஒரு பொட்டு ஈரம் இல்ல. கதவு அவ்வளவு நேரம் தொறந்து கெடந்துது, நெத்தியில நாலு நாலாவே நின்னுச்சு. பெட்டியோட விலாவுல கை வச்சுப் பாத்தேன், சூடும் இல்ல, அதிர்வும் இல்ல. உள்ள விளக்கு மட்டும்தான் எரியுது. கரண்டு பில்லுக்குப் பயந்து மோட்டாரைக் கழட்டி விட்டிருக்காரு."

"குளிர் இல்லேன்னா செத்துடுற மருந்தை ஒருத்தன் இப்படி வைப்பானா?"

"செத்துப் போக அதுக்குள்ள எதுவும் இல்லேன்னா வைப்பான்."

அக்கா சிரித்தார். அவர் சிரிப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. "நான் ஒண்ணு பாத்தேன். அந்த மூடிக்குக் கீழ அலுமினியப் பட்டை இருக்குல்ல, அதை இடுக்கியால கழுத்துல நெரிச்சு விடுவாங்க. நீல மூடியிலயும் ஒரு பல் தடம் கோணலா இருக்கு. சிவப்பு மூடியிலயும் அதே இடத்துல அதே கோணல். ரெண்டு தேசம், ஒரே பல்லு."

"கழுத்தை நெரிக்கிற ஆளைத் தேடணும்ங்கிறீங்க."

"தெரியுமா யாரையாவது?"

"ஒரே ஆளுதான். பேட்டை சந்துல வாசனைத் தைலக்காரரு. சென்ட் பாட்டிலுக்கெல்லாம் அவர்தான் பட்டை போடுவாரு. அவர் கடைக்கு எத்தனை பெட்டி தூக்கியிருக்கேன். கூலி கேட்டா பன்னீர் தெளிச்சு அனுப்புவாரு."

தைலக்காரரின் கடை இரண்டு ஆள் அகலம். மூன்றாவது ஆளாக நுழைந்த மூட்டை பக்கவாட்டில்தான் நிற்க வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் மோந்து மோந்து மூக்கு செத்துப்போன மனிதர். அவரே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அக்கா கதவைப் பிடித்தபடி சலிப்பான குரலில், "இளமை நிலையத்துலேர்ந்து வர்றோம். சரக்கு ஏன் இன்னும் வரலேன்னு சார் கேக்கச் சொன்னாரு," என்றார்.

தைலக்காரருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"ஏன் வரலையா? அந்தாளுக்கே தெரியாதா? போய்ச் சொல்லு. ஒரு தடவை ஊசி ஏறின ரப்பரை நான் மறுபடி மூட மாட்டேன். பழைய குப்பியை ஜனங்ககிட்டேர்ந்து திருப்பி வாங்கிக் கழுவுறது அவன் பாடு. அடைக்கிற ரப்பர் புதுசா இருக்கணும். ஓட்டை ரப்பரைப் போட்டுப் பட்டை கட்டினா என் கையோட பேரு என்னாகிறது? சென்ட்டா இருந்தா ஒரு வாரத்துல ஆவியாப் போயிடும்."

"இது சென்ட் இல்லையேண்ணே," என்றான் மூட்டை.

"எதுவா இருந்தா என்னப்பா. மூடிக்கு மரியாதை வேணாமா? புது ரப்பர் வர மூணு வாரம் ஆகுமாம். வரட்டும், மூடித் தர்றேன்." அவர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை இழுத்தார். மூடாத குப்பிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் குளுக்கோஸ் டப்பா, அதில் பந்து உதைக்கிற ஒரு பையன் படம். "தூளும் இங்கதான் கெடக்கு. எறும்பு வருதுன்னு தண்ணிக் கிண்ணத்துல வச்சிருக்கேன்."

மூட்டைக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. திருட்டே இல்லை. குளிர்பெட்டிக்குள் போகாத குப்பி எப்படிக் காணாமல் போகும்? ரப்பர் வருகிற வரைக்கும் ஜனங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதற்கு ஒரு திருடி வேண்டும், கிடைத்தவள் சாவிக்காரி. மணி ஒன்றுகூட ஆகவில்லை. அஞ்சு மணிக்குப் பத்திரத்தைக் கிழித்துப் போடலாம்.

அக்கா மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுக் குப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

சந்திலிருந்து வெளியே வந்ததும், "நாப்பத்தொம்பது," என்றார்.

"அதனால என்னக்கா? அந்தாளு வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லியிருப்பாரு."

"இல்ல மூட்டை. பொய் சொல்ற வியாபாரி எண்ணிக்கையில பொய் சொல்ல மாட்டான். இருபது வருஷம் பாத்திருக்கேன். எரியாத கடையை எரிஞ்சுதுன்னு சொல்லுவான், ஆனா உள்ள எத்தனை புடவை இருந்துச்சுன்னு கேட்டா சரியாச் சொல்லுவான். வராதது நாப்பத்தொம்பது. அவன் சொன்னது அம்பத்தஞ்சு. பெட்டியில நிஜமாவே ஆறு குறைஞ்சிருக்கு."

மூட்டை நடந்துகொண்டே இருந்தான். பதில் தெரிந்துதான் இருந்தது. சாவி இரண்டே பேரிடம்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிலையத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகை நிழலில் நர்ஸம்மா டிபன் டப்பாவை மடியில் வைத்துத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கை இரண்டும் மருந்து சோப்பில் வெளுத்திருந்தன. புருஷன் அனுப்பிய ஆட்கள் என்றதும் அவளுக்கு முகம் வெளிறியது.

அக்கா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "ஆறு குப்பிம்மா," என்றார்.

நர்ஸம்மா, "அம்பத்தஞ்சு இல்லக்கா," என்றாள். "ஆறுதான். சார்கிட்ட சலுகை விலைக்குக் கேட்டேன், புருஷனுக்குன்னு சொன்னேன். தர முடியாதுன்னுட்டாரு. வீட்டுல அவரு ராத்திரியெல்லாம் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு. புள்ளைங்க பயப்படுதுங்க. எடுத்துட்டேன்."

"எடுத்தது மருந்தே இல்லம்மா," என்றான் மூட்டை. "அப்படி ஒரு மருந்து எங்கயோ ஆராய்ச்சிக்கூடத்துல இருக்குதாம். மனுஷனுக்கு ஆகுமா ஆகாதான்னே இன்னும் முடிவாகலையாம். இங்க இருக்கிறது அதுவும் இல்ல. மளிகைக் கடை குளுக்கோஸு."

தலையில் இடி விழுந்தது போல் அவள் உறைந்துவிடுவாள் என்று மூட்டை நினைத்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"தெரியும்ணே."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"மொத ஊசி போட்ட இடம் எலுமிச்சங்கா அளவு வீங்கிடுச்சு. மருந்துன்னா அப்படி வீங்காது. இருபது வருஷம் ஊசி போட்ட கையி, தெரியாதா? மிச்சம் அஞ்சையும் தொடவே இல்ல. ஆனா அன்னைக்கு ராத்திரி அவரு தூங்கினாரு. பதினோரு மாசத்துல மொத தடவை. நான் பக்கத்துல உக்காந்து மூச்சு வருதான்னு பாத்துட்டே இருந்தேன். மறுநாள் நானே ஆஸ்பத்திரிக் கடையில சுத்தமான உப்புத் தண்ணி வாங்கினேன். அதைத்தான் போடுறேன். கண்ணை மூடிப் படுத்திருப்பாரு. காலிக் குப்பி மூடியை டிக்குன்னு கழட்டுவேன், அந்தச் சத்தம் கேக்கணும் அவருக்கு. கேட்டதும் தோள் எறங்கும். ஊசி போடுறதுக்குள்ளயே பாதி தூங்கிடுவாரு."

ஜெனரேட்டர் ஓடவில்லை. எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"போலீசுக்குப் போனா இது பேப்பர்ல வருமில்ல?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

"வரும்."

"அவரு பேப்பர் படிக்காம வீட்டை விட்டுக் கெளம்ப மாட்டாருக்கா." அவள் டப்பாவின் மூடியைத் தடவினாள். "நான் கையெழுத்துப் போட்டுடுறேன். இருபத்தேழு மாசம்தானே. சம்பளமில்லாம வர்றேன். அவரு கேபின்ல இருந்தா சமாளிச்சுடலாம். கீழ எறங்கிட்டா ஒண்ணும் இல்ல."

"நீ எங்கயும் கையெழுத்துப் போடாத," என்றார் அக்கா. குரலில் அதிகாரம் இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இருந்த மாதிரி மூட்டைக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நாலே முக்காலுக்குச் சார் பத்திரத்தைக் கண்ணாடி மேஜைமேல் தயாராக வைத்திருந்தார். அக்கா அதைத் தொடவில்லை. குளிராத பெட்டி, வியர்க்காத குப்பி, கோணல் பல், ஓட்டை ரப்பர், தட்டில் நிற்கிற நாற்பத்தொன்பது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் சொன்னார். குளுக்கோஸ் டப்பாவின் மேல் இருக்கும் படத்தைப் பற்றிச் சொன்னபோது சாருடைய கன்னம் ஒரு தடவை துடித்தது.

பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"போலீசுக்குப் போங்க," என்றார் மெதுவாக. "குளுக்கோஸ் வித்தது நான். ஊசி போட்டது யாரு? நூத்திப் பத்து பேர் வயித்துல போட்டிருக்கா. பதிவேட்டுல ஒவ்வொரு ஊசிக்கு நேராவும் அவ கையெழுத்து. என் கையெழுத்து ஒண்ணுகூட இல்ல. மொதல்ல யாரைக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைக்கிறீங்க?"

அக்கா திரும்பி, கதவருகே கைகட்டி நின்ற நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"அதுவும் போகட்டும். ஆறு குப்பி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? மாசக்கணக்கா அழுது வடிஞ்ச முகம் திடீர்னு தெளிஞ்சா எதுக்குத் தெளிஞ்சதுன்னு புரியாதா? அவ புருஷன் தூங்குறான். அதைக் கெடுக்கணும்னா கெடுங்க. எனக்கு இந்த ஊரு இல்லேன்னா இன்னொரு ஊரு."

மூட்டை அக்காவைப் பார்த்தான். நாலு வருஷத்தில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இப்படி ஒரு பார்வையை அவன் பார்த்ததில்லை. கிடங்கில் ஒரு தடவை தூக்க முடியாத பெட்டியை முதுகில் ஏற்றிவிட்டார்கள். நிற்கவும் முடியாது, போடவும் முடியாது, உள்ளே இருப்பது உடைகிற சாமான். அந்த நிமிஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"கடன்," என்றார் அக்கா கடைசியில்.

"தாராளமா விட்டுர்றேன். இல்லாத சரக்கு, இல்லாத கடன்." சார் புதுத் தாளை எடுத்தார். "ஜனங்களுக்குக் கப்பல் தாமதம்னு சொல்லிக்கிறேன். ஆனா இதை நான் எழுதுற மாதிரிதான் எழுதுவேன்." எழுதினார், முத்திரை குத்தினார், ஊதிக் காயவைத்தார். கதவருகே நின்ற நர்ஸம்மாவிடம், "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடும்மா. லேட்டாகாத," என்றார்.

அவள் தலையாட்டினாள்.

படியிறங்கும்போது மூட்டை, "அக்கா, நூத்திப் பத்து பேரு," என்றான்.

"தெரியும்."

"நாம என்னதான் பண்ணியிருக்கோம்?"

"ஒருத்தியோட கடனைத் தீர்த்திருக்கோம். அதுக்கு மேல கை எட்டலடா." முழங்கால் வலி அவனுக்குத்தான். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கியது அக்கா.

யார்டு கேட்டுக்கு அவர்கள் போனபோது ஷிப்ட் முடிகிற நேரம். தலைக்கு மேலே, நாலு மாடி உயரத்திலிருந்து கிரேன் ஒரு இரும்புக் கட்டைப் பூப்போல இறக்கி வைத்தது. கீழே நின்றவர்கள் பயமில்லாமல் கொக்கியைக் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். அக்கா தாளை நீட்டினார்.

அவர் நின்ற இடத்திலேயே சத்தமாகப் படித்தார். "ஊழியரின் குடும்ப நிலையைக் கருதி, மனிதாபிமானத்தின் பேரில், நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறும் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது." எண்ணை ஒரு தடவை, எழுத்தை ஒரு தடவை ஒத்துப் பார்த்தார். "பாக்கி ஏதும் இல்லை."

"யாரும்மா எடுத்தது?" என்றார்.

"யாரும் எடுக்கல," என்றார் அக்கா. "எண்ணிக்கையில ஒரு கோளாறு."

"கோளாறுன்னா தள்ளுபடின்னு ஏன் எழுதணும்?" ஒரு வினாடி யோசித்தார். பிறகு டிரைவரின் முகம் மலர்ந்தது. "பெரிய மனசும்மா அவருக்கு. தப்பு அவரோடதா இருந்தாலும் நம்ம நெலமையை நினைச்சிருக்காரு பாருங்க. நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். தலைக்கவசத்தைக் கையில் வைத்திருந்த மூன்று பேர் கேட்டுப் பக்கம் நின்றிருந்தார்கள். மூன்று பேருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நம்ம யார்டுலயே இவங்களும் தூங்காம கெடக்குறவங்க. நான் தேறினதைப் பாத்துக் கேட்டுட்டே இருந்தாங்க. திருட்டுப் பழி கெடக்குற எடத்துக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு இருந்தேன். இனிமே என்ன, இப்பவே கூட்டிட்டுப் போறேன். சாருக்கு நேர்ல நன்றியும் சொல்லணும்."

மூட்டை வாயைத் திறந்தான். அக்காவின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

நாலு பேரும் ரோட்டைக் கடந்து, நடுவில் நடந்தவர் எதற்கோ சிரிக்க, நிலையம் இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய நடையில் நன்றாகத் தூங்கி எழுந்த மனுஷனின் தெம்பு இருந்தது.